சிரிக்காமல் கேட்ட சிறுமி

கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி வந்தால் வக்கீல் முதலில் எடுப்பது 1881ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றை. வீடு வாங்கினால் 1882இன் சொத்து மாற்றுச் சட்டம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரை உயர்த்தி நம் ஜன்னல் வெளிச்சத்தை அடைத்தால் அதே வருஷத்து வசதியுரிமைச் சட்டம். இவை மூன்றும் கல்கத்தாவில் நிறைவேறியபோது வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினராக இருந்தவர் விட்லி ஸ்டோக்ஸ் என்ற ஐரிஷ்காரர். அவர் சட்ட வரைவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், அவர் வீட்டிலேயே, ஆயாக்கள் உட்காரும் தரையில் ஒரு கதைப் புத்தகம் பிறந்துகொண்டிருந்தது. எழுதியவள் அவருடைய மகள் மேவ். பெற்றோருக்குக் கல்யாணமானது 1865இல். புத்தகம் கல்கத்தாவில் தனிச் சுற்றுக்காக அச்சானது 1879இல். எப்படிக் கணக்குப் போட்டாலும் பெண்ணுக்கு 13 வயதுக்கு மேல் போகாது.

புத்தகத்தின் பெயர் 'இந்தியத் தேவதைக் கதைகள்'. மொத்தம் 30 கதைகள். அடுத்த வருஷமே லண்டனில் எல்லிஸ் அண்ட் ஒயிட் பதிப்பாக வந்தது. அம்மா மேரி ஸ்டோக்ஸ் குறிப்புகள் எழுதினார். ருஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் பேர் பெற்ற ரால்ஸ்டன் முன்னுரை தந்தார். இந்தியப் பாட்டி கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்த முதல் புத்தகம் இது இல்லை. 1868இலேயே பம்பாய் கவர்னரின் மகள் மேரி ஃப்ரேர், அன்னா லிபராட்டா டி சோஸா என்ற ஆயாவிடம் கேட்ட கதைகளைப் புத்தகமாக்கிவிட்டார். ஆனால் மேரி ஃப்ரேர் வளர்ந்த பெண். கதை கேட்கிற வயதிலேயே கதையைத் தொகுத்தவள் மேவ்தான்.

இது எப்படி நேர்ந்தது என்று பார்க்க, பெண்ணின் பெயரிலிருந்தே தொடங்கலாம்.

மேவ் என்பது பழைய அயர்லாந்துக் காவியத்து ராணியின் பெயர். கன்னாக்ட் நாட்டு ராணி. ஒருநாள் படுக்கையில் அவளுக்கும் புருஷன் அலிலுக்கும் வாக்குவாதம்: யார் சொத்து அதிகம்? அண்டா, குண்டான் முதல் ஆட்டு மந்தை வரை கொண்டுவந்து எண்ணுகிறார்கள். எல்லாம் சரிக்குச் சரி. ஒரே ஒரு காளை மட்டும் புருஷன் பக்கம் கூடுதல். அதற்கு ஈடான காளை கூலி என்ற ஊரில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் படையைத் திரட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். எதிரில் தனியாளாக நின்று படையைத் தடுப்பவன் குஹுலின் என்ற மீசை முளைக்காத பையன். ஆநிரை கவர்தலை வெட்சித் திணை என்று இலக்கணமாக்கி வைத்திருக்கிற நமக்கு இந்தக் கதைக்கு உரை தேவைப்படாது.

அந்தக் காலத்தில் இதெல்லாம் சுவடி படிப்பவர்களின் கதை. பிள்ளைகள் கையில் கொடுக்கும் கதையாக இன்னும் ஆகவில்லை. அப்படியிருந்தும் விட்லி ஸ்டோக்ஸ் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தார் என்றால், அவருக்கு ஆபீஸ் வேறு, ஆசை வேறு.

1830இல் டப்ளினில் பிறந்தவர். அப்பா வில்லியம் ஸ்டோக்ஸ் பெரிய டாக்டர். மரணப் படுக்கையில் மூச்சு ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறும் அந்த விதத்துக்கு மருத்துவர்கள் இன்றும் அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பழைய ஐரிஷ் ஏடுகளைத் தேடித் தேடிப் படித்த ஜார்ஜ் பெட்ரி, ஜான் ஓடோனவன், யூஜீன் ஓகர்ரி போன்றவர்கள் அந்தக் குடும்பத்துக்கு நண்பர்கள். பையனுக்குப் பதினைந்து வயதில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். செத்தவர்களிலும் போனவர்களிலும் ஐரிஷ் மொழியே வீட்டு மொழியாக இருந்த ஏழைகள் ஏராளம். ஒரு மொழி கண்ணெதிரே மெலிந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவர் ஸ்டோக்ஸ். டிரினிட்டி கல்லூரியில் சீக்ஃப்ரீட் என்ற ஜெர்மன்காரரிடம் சமஸ்கிருதமும் ஒப்பிலக்கணமும் கற்றார். ஐரிஷ் மொழியில் அரசனுக்கு 'ரீ', வடமொழியில் 'ராஜன்'. அங்கே மாட்டுக்கு 'போ', இங்கே 'கோ' என்று சொற்கள் கைகோத்து நிற்பதைப் பார்த்தவருக்கு இந்தியா தூர தேசமாகத் தோன்றியிருக்காது.

வக்கீல் தொழில் 1862இல் அவரை முதலில் கொண்டுவந்து இறக்கியது சென்னையில். அங்கே ஹைகோர்ட் தீர்ப்புகளைத் தொகுக்கும் வேலை. 1865இல் இந்து தர்மசாஸ்திர நூல்களின் தொகுப்பு ஒன்றையும் சென்னையிலேயே அச்சிட்டார். அதற்குள் கல்கத்தாவுக்கு மாற்றலாகியிருந்தார். அங்கே சட்டத் துறைச் செயலாளராகி, 1877இல் சட்ட உறுப்பினரானார். இந்தியாவிலுள்ள சமஸ்கிருத ஏடுகளைத் தேடிப் பட்டியலிடும் திட்டத்துக்கு 1868இல் வழிவகுத்ததிலும் அவர் கை உண்டு.

இந்த இடத்தில்தான் கல்கத்தாவுக்கு ஒரு விசித்திரமான பெருமை வந்து சேர்கிறது. பகலில் சர்க்கார் வேலை பார்த்தவர் மிச்ச நேரத்தில் பழைய ஐரிஷ் நூல்களைப் பதிப்பித்தார். அச்சிட்டது டப்ளினில் மட்டுமில்லை, கல்கத்தாவிலும்தான். 1866இல் 'கொய்டிலிகா', 1868இல் கோர்மாக்கின் சொற்கோவை, 1876இல் பிரெத்தோன் மொழி ஜெபப் புத்தகம், 1877இல் ஐரிஷ் புனிதர் மூவர் மீதான பிரசங்கங்கள், 1881இல் டிராய் நகர அழிவைச் சொல்லும் ஐரிஷ் கதை. கோடையில் சர்க்கார் மலையேறியபோது சிம்லாவில்கூட 1870இல் ஒன்றை அச்சிட்டார். வங்காளி அச்சகத்துக் கம்பாஸிட்டர் ஒருவர், உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களுக்கே புரியும் ஐரிஷ் வரிகளை எழுத்து எழுத்தாகக் கோத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஹூக்ளிக் கரையின் புழுக்கத்தில் புரூஃப் காகிதம் விரலோடு ஒட்டியிருக்கும்.

கோர்மாக்கின் சொற்கோவையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் திவாகரம், பிங்கலந்தை மாதிரி ஒரு நிகண்டு. கி.பி. 908இல் போரில் இறந்த, அரசரும் ஆயருமான கோர்மாக் பெயரால் வழங்குவது. கடினச் சொற்களுக்குப் பொருள் சொல்லிக்கொண்டே போகிற போக்கில், கிறிஸ்தவம் வருமுன் அந்தத் தீவு கும்பிட்ட தெய்வங்களைப் பற்றியும் அது சொல்லிவிடும். கவிஞர்கள் வணங்கிய பெண்தெய்வம் பிரிகித் அதில் வருகிறாள். கடல்தெய்வமான மனன்னான், மேற்கு ஐரோப்பாவிலேயே கைதேர்ந்த மாலுமி என்று மனிதனாக்கப்பட்டு வருகிறான். இன்று கெல்டிக் புராணத்தை வைத்து எழுதப்படும் இளையோர் மாயக் கதைகளில் இந்த இரண்டு பெயர்களும் வந்துகொண்டே இருக்கும். ஓடோனவன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை ஸ்டோக்ஸ் திருத்திக் குறிப்பெழுதி வெளியிட்ட ஊர், 1868இன் கல்கத்தா.

அப்பா மேஜையில் இது. மகளுக்கு ஐரிஷ் கதை எவ்வளவு தெரிந்ததோ, இந்துஸ்தானி நன்றாகவே தெரியும். ஆயாக்களோடு வளர்ந்த வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு அது தாய்ப்பாலுக்கு அடுத்த மொழி.

கதை சொன்னவர்கள் மூன்று பேர். முனியா, டுங்க்னி என்ற இரண்டு ஆயாக்கள். கரீம் என்ற கித்மத்கார், அதாவது சாப்பாட்டு மேஜைப் பணியாள். கதை சொன்ன இடம் குளிர்காலத்தில் கல்கத்தா, கோடையில் சிம்லா. கதைகளின் முடிவில் சொன்னவர் பெயரைப் போட்டிருக்கிறாள் மேவ். 1876லேயே தேதி போட்ட கதைகள் உண்டு; அப்போது பெண்ணுக்குப் பத்து வயதுதான் இருக்கும். எந்தப் பேராசிரியரும் சொல்லிக்கொடுக்காமல், இன்றைய நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களே மறந்துவிடுகிற காரியத்தை அந்தக் குழந்தை செய்திருக்கிறது.

சொன்ன விதத்தையும் அந்தக் குடும்பம் கவனித்து எழுதிவைத்தது. நரைத்த தலைக் கிழவி முனியா தரையில் அசையாமல் உட்கார்ந்து, கையைக் காலை ஆட்டாமல், பாடம் நடத்தும் பண்டிதர் தோரணையில் சொல்வார். டுங்க்னி நேர் எதிர். கதை சூடுபிடித்தால் எழுந்துவிடுவார். அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, ராட்சசனாகவும் ராணியாகவும் அவரே நடித்துக்காட்டுவார். உட்கார்ந்து சொல்கிற பாட்டியும், எழுந்து ஆடிக்காட்டுகிற அத்தையும் இல்லாத வீடு நம் பக்கமும் கிடையாது.

முதலில் அவர்கள் மேவிடம் மட்டும்தான் சொன்னார்கள். காரணத்தை அவளே முன்னுரையில் எழுதியிருக்கிறாள்: தான் குழந்தை, கேட்டுச் சிரிக்க மாட்டாள் என்பதற்காக. வைஸ்ராய் சபை உறுப்பினர் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் கிளி, தவளை, ராட்சசக் கதை சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். புத்தகம் அச்சுக்குப் போனபோது ஆயாக்களின் கூச்சம் தெளிந்தது. கதைகளை ஏறக்குறைய எல்லாவற்றையும் அம்மா மேரியிடம் மறுபடி சொன்னார்கள். கடைசி ஐந்து கதைகள் முனியா நேரே அம்மாவுக்குச் சொன்னவை.

கதைகள் எப்படி? முதல் கதையின் நாயகி பூல்மதி ராணி. தலையில் சூரியன், கையில் நிலா, முகமெல்லாம் நட்சத்திரம். தினமும் குளித்ததும் அப்பாவும் அம்மாவும் அவளைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை ஒரே ஒரு பூ. மாப்பிள்ளையும் ஒரு பூவின் எடைதான் இருக்க வேண்டும் என்று ராஜா பிடிவாதம் பிடிக்கிறார். வரதட்சணைப் பேச்சைவிட இது தேவலை. வேல்ஸ் நாட்டுப் பழங்கதையில் ஓக், மஞ்சள் புதர்ப்பூ, புல்வெளிப் பூ மூன்றையும் கூட்டி மந்திரவாதிகள் ப்ளொடயவெத் என்று ஒரு பெண்ணைச் செய்வார்கள். அந்தப் பூப்பெண்ணை வைத்து ஆலன் கார்னர் 1967இல் இளையோருக்காக எழுதிய 'ஆந்தைத் தட்டுகள்' நாவல் கார்னகி பதக்கம் வாங்கியது. பூல்மதிக்கு அப்படி ஒருவர் இன்னும் அமையவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது லபாம் இளவரசியின் கதை. முனியா சொன்னது. ராஜகுமாரன் ஒருவன் லபாமைத் தேடிக் கிளம்புகிறான். வழிக்கு அம்மா கட்டிக்கொடுத்த மிட்டாயைப் பிரித்தால் ஒன்றில் எறும்பு. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறான், அதிலும் எறும்பு. எல்லாவற்றிலும் எறும்பு. போகட்டும், எறும்புகளே தின்னட்டும் என்று விட்டுவிடுகிறான். உடனே எறும்பு ராஜா எதிரே வந்து, உனக்கு ஒரு கஷ்டம் வந்தால் என்னை நினை என்கிறது. பிறகு லபாமின் அப்பா வைக்கும் பரீட்சை: எண்பது பவுண்டு கடுகை ஒரே நாளில் எண்ணெயாக ஆட்டித் தர வேண்டும். எறும்புகள் இரவோடு இரவாக ஆட்டித் தந்துவிடுகின்றன.

எண்பது பவுண்டு என்ற அந்த எடை கொஞ்சம் இடிக்கிறது. முனியா பவுண்டு கணக்கில் கதை சொல்லியிருக்க மாட்டார். வங்காள 'மன்', நம் மணங்கு மாதிரி, ஏறக்குறைய 82 பவுண்டு. ஒரு மன் கடுகு என்றுதான் கிழவி சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். கடுகெண்ணெய் இல்லாமல் அடுப்பு மூட்டாத ஊரில் அந்தப் பரீட்சைக்கு வாசனையே வேறு.

இப்போது வேல்ஸுக்கு வாருங்கள். 'மபினோகியன்' தொகுப்பில் குல்ஹுஃக் என்பவன் ராட்சசன் மகள் ஆல்வெனைக் கேட்டுப் போகிறான். ராட்சசன் வைக்கும் நாற்பது பரீட்சைகளில் ஒன்று, எப்போதோ விதைத்து முளைக்காமல் போன ஒன்பது படி ஆளி விதையை மண்ணிலிருந்து மறுபடி பொறுக்கித் தர வேண்டும். கல்யாணப் பெண்ணின் முக்காட்டுத் துணி நெய்ய அந்த ஆளியில்தான் நூல் எடுக்க வேண்டுமாம். குல்ஹுஃகுக்குத் துணைவந்த வீரர்களில் ஒருவன் மலைமேல் போகும்போது அழுகைச் சத்தம் கேட்கிறது. எறும்புப் புற்று தீப்பிடித்து எரிகிறது. வாளால் புற்றைத் தரையோடு அரிந்து எறும்புகளைக் காப்பாற்றுகிறான். அவை விதையைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அளந்தால் ஒரு விதை குறைகிறது. பொழுது சாய்வதற்குள் ஒரு நொண்டி எறும்பு அந்தக் கடைசி விதையையும் சுமந்து வந்து சேர்கிறது. முனியா வேல்ஸைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பக்கத்து அறையில் இருந்த அப்பாவுக்கோ அந்த வேல்ஸ் கதை தெரியாமல் இருக்காது. சாப்பாட்டு மேஜையில் இதைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தால் சுவாரசியமாக இருக்கிறது.

உயிரை வேறிடத்தில் ஒளித்து வைக்கும் கதை நமக்குப் புதிதில்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி. 'வீரன் ஹீராலால்பாஸா' என்ற கதையில், பிடித்துவைக்கப்பட்ட சோனாஹ்ரி ராணி ராட்சசனிடம் பாசமாகப் பேசி ரகசியத்தைக் கறக்கிறாள். ராட்சசன் சொல்லும் விலாசம்: இங்கிருந்து பதினாறு மைல், ஒரு மரம், சுற்றிலும் புலி, கரடி, தேள், உச்சியில் பெரிய பாம்பு, பாம்பின் தலையில் கூண்டு, கூண்டில் பறவை. பதினாறு மைல் என்று துல்லியமாகச் சொன்னதுதான் அவன் செய்த தப்பு. இந்தப் பகுதியை ஜேம்ஸ் ஃப்ரேஸர் தன் 'பொற்கிளை' நூலில் எடுத்தாண்டார். அதே அத்தியாயத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டு அரக்கன் ஒருவனும் வருகிறான். அவன் உயிர் ஆட்டுக்கடாவுக்குள் இருக்கும் வாத்துக்குள் இருக்கும் முட்டையில். உலகமறிந்த மானிடவியல் நூலில் ஒரு சிறுமி எழுதிவைத்த கதை சாட்சியாக நிற்கிறது.

வில்வ இளவரசியின் கதையும் அப்படித்தான். வில்வப்பழத்துக்குள் இருந்து வருகிறவளைப் பொறாமைக்காரி ஒருத்தி கிணற்றில் தள்ளுகிறாள். அவள் தாமரையாகிறாள், தாமரையைப் பிய்த்தெறிந்தால் மறுபடி பழமாகிறாள், கொன்றால் கண்கள் பறவையாகின்றன. ஐரிஷ் ஏடுகளில் ஏதின் என்ற அழகியைச் சக்களத்தி மந்திரக்கோலால் அடித்துத் தண்ணீராக்குவாள். தண்ணீர் புழுவாகி, புழு செந்நிற ஈயாகி, காற்று அதை வருஷக்கணக்கில் அலைக்கழித்து, கடைசியில் ஒருத்தியின் கோப்பையில் விழுந்து, அவள் குடித்து, மறுபடி பெண்ணாகப் பிறக்கும். பொறாமை ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. உருவம் மட்டும் அந்தந்த ஊர்த் தோட்டத்தையும் தட்பவெப்பத்தையும் பார்த்து மாறுகிறது.

இவ்வளவு அன்போடு கேட்டு எழுதிய வீட்டில் ஒரு குறை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 1877இல் அப்பா கல்கத்தாவில் அச்சிட்ட ஐரிஷ் பிரசங்கங்களில் மூலமும் உண்டு, எதிரே ஆங்கிலமும் உண்டு. ஒரு எழுத்து பிசகினால் அவருக்குத் தூக்கம் வராது. பிற பண்டிதர்களோடு அதற்காகச் சண்டையே போடுவார். அதே வருஷங்களில் அதே வீட்டுத் தரையில் முனியா சொன்ன இந்துஸ்தானிக்கு ஆங்கிலம் மட்டும்தான் மிஞ்சியது. குழந்தையைக் குறை சொல்ல முடியாது. பேச்சு மொழியில் கேட்ட கதைக்கும் மூலம் என்று ஒன்று உண்டு, அதையும் காப்பாற்ற வேண்டும் என்று அந்தக் காலத்தில் பெரியவர்களுக்கே தோன்றவில்லை. ஏட்டில் இருப்பதுதான் மூலம். ஆயா வாயில் இருப்பது சரக்கு.

புத்தகம் சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்துக் காற்றிலேயே கதை சேகரிக்கும் ஆசை பரவியிருந்தது. பஞ்சாபில் கதை சேகரித்துக்கொண்டிருந்த கேப்டன் டெம்பிள், வங்காளத்துக் கிராமக் கதைகளையும் தொகுக்கலாமே என்று ஹூக்ளிக் கல்லூரிப் பேராசிரியர் லால் பிஹாரி தே என்பவருக்குக் கடிதம் எழுதினார். தே 1883இல் 'வங்காள நாட்டுப்புறக் கதைகள்' கொண்டுவந்தார். முன்னுரையில் தனக்கு முன்மாதிரியான தொகுப்புகளைச் சொல்லும்போது கிரிம் சகோதரர்களோடு, ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கெல்டிக் கதைகளைத் தொகுத்த கேம்ப்பெல்லையும் பெயர் சொல்கிறார். தேயின் தொகுப்பில் டாலிம் குமார் என்ற இளவரசனின் உயிர் ஒரு மாலையில். மாலை ஒரு பெட்டியில். பெட்டி குளத்து வாளை மீனின் வயிற்றில். அயர்லாந்தில் கூ ரோய் என்ற அரசனின் உயிர் தங்க ஆப்பிளில்; ஆப்பிள் சால்மன் மீனின் வயிற்றில். மீன் தின்கிற இரண்டு ஜாதியும் உயிரை எங்கே ஒளித்தார்கள் பாருங்கள்.

பிறகு ஜோசஃப் ஜேக்கப்ஸ். லண்டனில் பிள்ளைகளுக்காகக் கதைத் தொகுப்புகள் போட்டவர். 1892 என்று தேதியிட்ட இரண்டு புத்தகங்கள்: 'கெல்டிக் தேவதைக் கதைகள்', 'இந்தியத் தேவதைக் கதைகள்'. இரண்டாவதற்கு மேவின் புத்தகப் பெயரையே வைத்துக்கொண்டார். லபாம், லைலி, நெற்றியில் நிலவு கொண்ட பையன் என்று அவளுடைய கதைகளையும் எடுத்துக்கொண்டார், கடனைச் சொல்லிவிட்டுத்தான். சென்னை நடேச சாஸ்திரி தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன சோதிடர் மகன் கதையும் அதில் உண்டு. இரண்டு புத்தகத்துக்கும் படம் போட்டவர் ஜான் பாட்டன் என்ற ஒரே ஓவியர். மேற்குக் கோடியின் மழையையும் பசும்புல்லையும் விட்டுக் கிழக்குக் கோடியின் வெயிலுக்கும் வறண்ட மண்ணுக்கும் போகிறோம் என்கிற மாதிரி முன்னுரையில் பேசுகிறார் ஜேக்கப்ஸ். ஜூலை மாதம் கல்கத்தாவில் முழங்கால் தண்ணீரில் நடந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

1907இல் வங்காளம் தன் கதையைத் தன் மொழியிலேயே எழுதிக்கொண்டது. தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தாரின் 'டாகுர்மார் ஜுலி', பாட்டியின் பை, கல்கத்தாவில் வெளிவந்தது. பாட்டி பேசுகிற வங்க மொழி, பாட்டி போடுகிற ராகம். முன்னுரை எழுதிய தாகூர், பாட்டி கதைகூட மான்செஸ்டர் சரக்காக வருகிற காலத்தில் இந்தப் புத்தகம் வந்திருக்கிறது என்று மகிழ்ந்தார். அது சுதேசி இயக்கம் கொதித்த நேரம். அதே 1907இல் பாக்பஜாரில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய இன்னொரு ஐரிஷ் பிறவி, 'இந்து மதத் தொட்டில் கதைகள்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். டைரோன் மாவட்டத்து டங்கானனில் மார்கரெட் நோபிளாகப் பிறந்த நிவேதிதா. அடுத்த வருஷம் பாரதி தன் 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

டாகுர்மார் ஜுலி இன்றைக்கும் காலேஜ் ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். பிறந்தநாள் பரிசாக வாங்கிப் போகிறார்கள். பக்கத்துக் கடைகளில் கெல்டிக் பெயர் போட்ட ஆங்கில மாயக் கதைகளும் தடித்தடியாக அடுக்கியிருக்கும். மேவின் புத்தகத்தைத் தேடுகிறவர் நூலகத்துக்குப் போக வேண்டும், அல்லது பதிப்புரிமை தீர்ந்த நூல்களின் மின்பிரதிக்கு.

எடுத்துப் படிப்பவர்கள் முன்னுரையில் கரீமைப் பற்றிய வரியை விட்டுவிட வேண்டாம். ஆயாக்கள் இருவரும் கூச்சம் தெளிந்து, கதைகளை மறுபடி எஜமானியம்மாளிடம் சொல்லிச் சரிபார்க்க வைத்தார்கள். கரீம் மட்டும் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்கவில்லை. அதனால் முனியாவின் கதையும் டுங்க்னியின் கதையும் பெரும்பாலும் இரண்டு பேர் கேட்டவை. கரீம் சொன்னவை அந்தச் சிறுமியின் காதை மட்டும் நம்பி அச்சேறின.